கோல்ஃப் பந்தும் உப்புப் பாத்தியும்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்ன தலைப்பில் பேசப் போகிறாய் என்று செயலாளர் அண்ணன் போனில் கேட்டார். "கம்ப்யூட்டர் விளையாட்டு மென்பொருளில் நிஜமான கோல்ஃப் மைதானங்களை அச்சு அசலாகச் செய்வது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மரக்காணத்துக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் பச்சைப் புல் பார்க்க வேண்டுமானால் மழைக்காலம் வர வேண்டும். மற்ற நாளெல்லாம் வெள்ளை உப்பு, சாம்பல் நிறச் சேறு, அதற்கு அப்பால் கழுவெளி. அந்தச் சம்பந்தத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோல்ஃப் ஆடுபவன் இல்லை. ஆடுவதற்கான வசதியும் கிடையாது, அவ்வளவு ஆசையும் கிடையாது. 2010 இல் சிவில் முடித்து வெளியே போன நான், நிலத்தை வெட்டி நிரப்பி மட்டம் செய்யும் வேலையில் இருக்கிறேன். எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும், எங்கே எவ்வளவு கொட்ட வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், இதுதான் என் பிழைப்பு. கோல்ஃப் மைதானத்தில் என் கண்ணுக்குத் தெரிவது பந்து இல்லை, வாட்டம்தான்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. கல்கத்தாவில் 1829 இலேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் இருக்கும் கிளப்களில் அதுதான் மிகப் பழையது. கொடைக்கானலில் 1895 இல் வந்தது. சென்னையில் கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் வளையத்துக்கு உள்ளேயே ஜிம்கானா கிளப்பின் மைதானம். ரயிலில் போகும்போது எட்டிப் பார்த்திருப்பீர்கள். பெரிய மனிதர்கள் ஆட்டம், நிலத்தையும் தண்ணீரையும் விழுங்கும் ஆட்டம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. எனக்கும் உண்டு. அதைப் பற்றி வேறு மேடையில் சண்டை போடலாம்.

ஆனால் இந்த ஆட்டம் பிறந்த இடத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஸ்காட்லாந்தில் 'லிங்க்ஸ்' என்று சொல்வது கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டு நிலத்தை. உழவுக்கு ஆகாது, வீடு கட்ட ஆகாது, ஆடு மேயும், முயல் வளை தோண்டும். அப்படி உப்புக் காற்று அடிக்கும், எதற்கும் உதவாத நிலத்தில்தான் கோல்ஃப் பிறந்தது. நம் கடற்கரையில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கிடக்கிறதே, அது மாதிரி நிலம்தான்.

அந்த 'லிங்க்ஸ்' என்ற பெயரிலேயே 1990 இல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. செய்தவர்கள் ஆக்சஸ் சாஃப்ட்வேர் என்ற கம்பெனி. அவர்கள் ஊர் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி. உப்பு ஏரிப் பட்டணம்! எங்கள் ஊருக்குத் தங்கை முறை வேண்டும். கற்பனை மைதானம் வேண்டாம், கலிஃபோர்னியாவில் உள்ள டோரி பைன்ஸ் மைதானத்தையே ஃபோட்டோக்கள் எடுத்துத் திரையில் கொண்டுவருவோம் என்று அவர்கள் முயன்றதுதான் புதுமை. 1992 இல் லிங்க்ஸ் 386 ப்ரோ வந்தது. 90களில் இங்கே படித்த அண்ணன்மார்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். ஒரு தடவை பந்து அடித்தால், அடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிப்பதற்குள் மெஸ்ஸில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்பார்கள்.

ஆடுபவரே மைதானம் வரையும் வசதியும் அதே காலத்தில் வந்துவிட்டது. ஜாக் நிக்லஸ் பெயரில் 1990 இல் வந்த ஒரு விளையாட்டில் அது இருந்தது. 1999 இல் மைக்ரோசாஃப்ட், ஆக்சஸ் கம்பெனியை வாங்கியது. பிறகு வந்த லிங்க்ஸ் 2001 உடன் ஆர்னால்ட் பால்மர் பெயரில் ஒரு மைதான வடிவமைப்பு மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் ஊர் மைதானத்தை வரைய ஆரம்பித்தார்கள். லிங்க்ஸ் 2003 தான் கணிப்பொறிக்கு வந்த கடைசிப் பதிப்பு, கம்பெனி கைகழுவிவிட்டது. ஆனாலும் ஆட்கள் விடவில்லை. சம்பளம் இல்லாமல், ராத்திரி கண் விழித்து, வருஷக்கணக்காக வரைந்தார்கள். நான் இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டது ஹாஸ்டலில், ஒரு சீனியரின் கம்ப்யூட்டரில். அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை, பக்கத்தில் அவர் மனைவி இருக்கிறார்.

2014 இல் கனடாவின் எச்.பி. ஸ்டுடியோஸ் 'தி கோல்ஃப் கிளப்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. அதன் வழித்தோன்றலாக பி.ஜி.ஏ. டூர் 2கே வரிசை. இன்றைக்கு யூனிட்டி என்ற பொது விளையாட்டு எஞ்சினிலேயே மைதானம் செய்து, வீட்டுக்குள் திரை கட்டி ஆடும் சிமுலேட்டர்களுக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? சிவில் தம்பிகள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், இது உங்கள் பாடம்தான். முதலில் உயரப் படம். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம். அமெரிக்காவில் விமானத்திலிருந்து லேசர் கதிர் விட்டு அளந்த உயரங்களை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. 'லைடார்' என்று பெயர். அதை இறக்கி உள்ளே போட்டால் மேடு பள்ளம் தானாக எழும்பி நிற்கும். அதன்மேல் வான்படத்தை விரித்து, எது புல், எது மணல் குழி, எது பாதை என்று வளைகோடுகளால் எல்லை போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பந்து எவ்வளவு உருளும், எவ்வளவு துள்ளும் என்ற குணம் கொடுக்க வேண்டும். பிறகு தண்ணீர், மரம், வேலி, கட்டடம். கடைசியாக, குழி இருக்கும் 'கிரீன்'. அங்கேதான் உயிர் போகும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கிரீனின் வாட்டம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான். அதில் ஓர் அரை அங்குலம் தப்பினால் பந்து வேறு பக்கம் போய்விடும், அந்த மைதானத்தில் ஆடிப் பழகியவர் உடனே, "இது எங்க ஊர் இல்லையே" என்று சொல்லிவிடுவார். ஆகவே அரை அங்குலத்தையும் மதிக்கிற மாதிரி இந்த மென்பொருளைச் செய்து வைத்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஒரு உண்மைக் கதை. நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் 'லைடோ' என்று ஒரு மைதானம் இருந்தது. சி.பி. மெக்டொனால்ட் வடிவமைத்தார், 1917 இல் திறந்தார்கள். அந்த இடம் முதலில் என்ன தெரியுமா? உவர் சதுப்பு நிலம், நம் கழுவெளி மாதிரி. வாய்க்காலிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டி நிரப்பி, அதன்மேல் செயற்கையாக மணல் மேடுகள் கட்டினார்கள். அக்காலத்தில் உலகின் தலைசிறந்த மைதானங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. 1942 இல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்கக் கடற்படை அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. அத்தோடு மைதானம் போனது. மிஞ்சியது பழைய ஃபோட்டோக்கள், வரைபடங்கள், கொஞ்சம் வான்படங்கள், ஆடியவர்கள் எழுதி வைத்த குறிப்புகள்.

பீட்டர் ஃப்ளோரி என்று ஒருவர். கோல்ஃப் மைதானம் கட்டுவது அவர் தொழில் அல்ல. வேறு வேலை பார்த்துக்கொண்டே, அந்தப் பழைய படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 'தி கோல்ஃப் கிளப்' விளையாட்டுக்குள் லைடோவை மறுபடி எழுப்பினார். கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் சாண்ட் வேலி என்ற இடத்தில் மைதானங்கள் வைத்திருக்கும் கைசர் சகோதரர்கள் காதுக்கு விஷயம் போனது. டாம் டோக் என்ற பெயர் பெற்ற வடிவமைப்பாளரை அழைத்தார்கள். விளையாட்டுக்குள் இருந்த உயரங்களை எடுத்து ஜி.பி.எஸ். பொருத்திய புல்டோசருக்குக் கொடுத்தார்கள். 2023 இல் லைடோ மறுபடி திறந்தது. கடலே இல்லாத ஊரில், கடற்கரை மைதானம்!

என் தொழிலில் வரைபடம் முதலில், மண் பிறகு. இங்கே மண் அழிந்து, படம் மிஞ்சி, விளையாட்டாகி, திரும்ப மண்ணாகியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் செய்து பார்த்த முதல் மைதானம் கிண்டி. வேறு காரணம் இல்லை, ஊருக்கு நடுவே இருக்கிறது, பலருக்குத் தெரியும். நான் செய்த பிறகு நடந்ததுதான் விசேஷம். 2024 செப்டம்பரில் பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்து அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 160 ஏக்கர் சொச்சம். வேளச்சேரி பக்கம் வெள்ளம் தேங்காமல் இருக்க அங்கே குளம் வெட்டும் வேலையும் வந்தது. வழக்கும் நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பது என் பேச்சின் பொருள் அல்ல. தனிப்பட்ட முறையில், மழைநீர் நிற்க இடம் வேண்டும் என்பவர் பக்கம்தான் நான். ஆனால் என் கம்ப்யூட்டரில் இருக்கும் கிண்டி குளம் வெட்டாத கிண்டி. ஒரு நிலம் மாறுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று அங்குலக் கணக்கில் யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. கிண்டிக்கு நூறு பேர் பிடித்து வைப்பார்கள். எங்கள் அளத்துக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது மரக்காணத்துக்கு வருகிறேன்.

தெரியாதவர்களுக்காக: தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது எங்கள் ஊரில். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் அளம். வடக்கே காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவது எங்கள் பக்கத்தில்தான். ஒரு காலத்தில் உப்பு மூட்டை படகில் சென்னைக்குப் போனது அந்தக் கால்வாய் வழியே. தெற்கே கழுவெளி, பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 5,000 ஹெக்டேருக்கு மேல். ஏரியும் கடலும் முகத்துவாரத்தில் சேருகின்றன. அந்தக் கழிமுகத்துத் தண்ணீரை வைத்துத்தான் உப்பு.

உப்பு எடுப்பது சுலபம், கடல் தண்ணியை வெயிலில் வைத்தால் போதும் என்று நம்மில் படித்தவர்களே நினைக்கிறார்கள். கேளுங்கள். கடல் நீரின் அடர்த்தியைப் போமே மீட்டரில் பார்த்தால் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அதை முதல் தேக்கத்தில் நிறுத்தி, பிறகு அடுத்தடுத்த பாத்திகளுக்கு மடை திறந்து விட்டு, வெயிலிலும் காற்றிலும் சுண்டவைக்க வேண்டும். பதின்மூன்று டிகிரி வாக்கில் ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். இருபத்தைந்து டிகிரி ஆனால்தான் உப்பு பூக்கும். அதற்குள் பத்துப் பங்கு தண்ணீரில் ஒன்பது பங்கு ஆவியாகிப் போயிருக்கும். சரி என்று விட்டு வைத்தால், முப்பதைத் தொடும்போது மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசப்பும் ஈரமும் ஏறிவிடும். ஆகவே இருபத்தொன்பது டிகிரி வாக்கில் மிஞ்சிய நீரை வெளியே தள்ள வேண்டும். பம்ப் வைத்து முதல் தேக்கத்துக்கு ஏற்றுவதோடு சரி, மற்றதெல்லாம் தண்ணீர் தானாக நடக்க வேண்டும். அதற்கு வாட்டம் வேண்டும். எவ்வளவு? பாத்தியில் நிற்கும் தண்ணீரே சில அங்குலம்தான். வாட்டம் அதற்குள் ஒரு சின்னப் பங்கு. கூடினால் ஒரு மூலை காயும், மறுமூலை கரையும்.

கோல்ஃப் கிரீன் செய்பவன் படும் அதே பாடு! அரை அங்குலத்தை மதிக்கும் மென்பொருள் என்று சொன்னேனே, அதை எங்கள் அளத்துக்குக் கொண்டு போனது இதனால்தான்.

தை மாதம் வந்தால் மழையில் கரைந்த வரப்பைக் கட்டி, பாத்தியில் இறங்கி வரிசையாக மிதிப்பார்கள். களிமண் இறுகி, தளம் போட்ட மாதிரி ஆக வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் சேறு ஏறும். பெரும்பாலும் பெண்கள். காலாலேயே மேடு பள்ளம் கண்டுபிடிப்பார்கள். நம் ஆட்டோ லெவல் காட்டும் வித்தியாசத்தை அவர்கள் குதிகால் காட்டும். இது புகழ்ச்சி இல்லை, நான் அளந்து சரிபார்த்தது. "இந்தப் பக்கம் தாழ்வு தம்பி" என்று ஒரு அக்கா சொன்ன இடத்தில் ஸ்டாஃப் வைத்துப் பார்த்தேன், தாழ்வுதான்.

உயரப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்கர்களுக்குக் கிடைப்பது போல இறக்கிக்கொள்ள எங்கள் அளத்துக்கு லைடார் என் கையில் இல்லை. எல்லோரும் பயன்படுத்தும் ஒரு தரவு உண்டு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்தது. முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைக்கு நல்லது. ஆனால் அதன் பிழையே சில மீட்டர்கள், எங்கள் அளம் முழுவதும் ஒரு ஆள் உயரத்துக்குள் அடங்கிவிடும். ஜோதிடம் பார்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே நம் சர்வே கேம்ப் முறைதான். ஆட்டோ லெவல், ஸ்டாஃப், பீல்டு புக். ஒரு உப்புக் கிடங்கின் வாசற்படியை ஆர்.எல். 100 என்று வைத்துக்கொண்டோம். நடுவே வெயில் ஏறிக் கானல் எழும்பினால் ஸ்டாஃபின் கோடுகள் நெளியும், எண் படிக்க முடியாது. அதனால் விடியற்காலையில் மட்டும் வேலை. லெவல் கொண்டுபோக முடியாத சேற்றில் கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவல். ஒரு ரப்பர் குழாயில் தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீருக்கு மட்டம் சொல்லத் தண்ணீரைவிடச் சிறந்த கருவி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய், இரண்டு சீசனில், பெரியப்பா குத்தகைக்கு வைத்திருக்கும் பாத்திகளும் சுற்றியுள்ள வாய்க்கால்களும் முடிந்தன. மொத்த அளத்தில் இது ஒரு மூலைதான்.

மென்பொருளில் பாத்தியைக் கிரீனாகவும், வரப்பை மேடாகவும், வாய்க்காலைக் குளமாகவும் செய்தேன். புல்லின் நிறத்தை எடுத்துவிட்டு உப்பின் நிறம் கொடுத்தேன். கொடி நட்ட குழி மட்டும் விதிப்படி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே எங்கள் அளத்தில் இன்றும் ஒன்பது கொடிகள் பறக்கின்றன.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று இருந்தபோதுதான் ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயல். விழுப்புரம் மாவட்டம் பட்டது உங்களுக்குத் தெரியும், இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்கள். அளம் முழுக்க ஒரே வெள்ளக்காடு. உப்பளத்தில் மழைக்காலம் வேலையில்லாத காலம்தான். அந்த மாதங்களுக்கென்று அரசு ஐயாயிரம் ரூபாய் நிவாரணமும் தருகிறது. ஆனால் தண்ணீர் வடியத் தாமதமானால் வரப்பு கட்டுவது தள்ளும், மிதிப்பது தள்ளும், முதல் உப்பு தள்ளும். ஒவ்வொரு வாரமும் கூலி இல்லாத வாரம்.

எங்கள் மூலையில் தண்ணீர் நின்றது. மேற்குப் பாத்திக்காரர்கள் கிழக்கு வரப்பை வெட்டிவிடு என்றார்கள். கிழக்குக்காரர்கள், வெட்டினால் எங்கள் தேக்கம் போச்சு என்றார்கள். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாத அளவுக்குப் பேச்சு முற்றியது. நான் லேப்டாப்பை எடுத்துப் போய் டீக்கடையில் இருந்த டிவியில் மாட்டினேன். தங்கள் அளத்தைத் தரையில் நின்று பார்க்கிற மாதிரி திரையில் பார்த்ததும் சண்டை கொஞ்ச நேரம் நின்றது. முதலில் வந்ததெல்லாம் திருத்தம். "மோட்டார் ரூம் இந்தப் பக்கம் திரும்பியில்ல இருக்கும்" என்றார் ஒருவர். "அந்த மூலையில வேலமரம் எங்க?" என்றார் இன்னொருவர். வேலமரத்தை அங்கேயே நட்டேன். அப்புறம்தான் நம்ப ஆரம்பித்தார்கள். லைடோவுக்குப் பழைய ஃபோட்டோ இருந்தது, எங்கள் அளத்துக்கு இந்த ஆட்களின் நினைவுதான் ஃபோட்டோ.

பிறகு மேற்குப் பாத்தியின் நடுவே ஒரு கோல்ஃப் பந்தை வைத்து மெல்லத் தட்டிவிட்டேன். எல்லோரும் கிழக்கே போகும் என்று பார்த்துக்கொண்டிருக்க, அது வடக்கே திரும்பி, ஒரு பழைய வாய்க்கால் பக்கம் உருண்டது. இன்னொரு இடத்தில் வைத்தேன், அதுவும் வடக்கே. பெரியப்பா எழுந்து டிவி கிட்டே வந்து பார்த்தார். "அது எங்க அப்பா காலத்துத் தண்ணி போற வழிடா" என்றார். "அது தூந்து போய் எத்தினி வருஷம் ஆச்சு!"

அங்கே ஒரு குழாய்ப் பாலம் இருக்கிறது. யார் போட்டது, எந்த வருஷம் என்பது இந்த மேடைக்கு வேண்டாம். அதன் அடித்தளம் பழைய வாய்க்காலின் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. நேரில் நின்று பார்த்தால் தெரியாது, சுற்றிலும் சேறு. திரையில் வாய்க்காலை நீளவாக்கில் வெட்டிக் காட்டியதும் தெரிந்தது. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டினேன். எந்தப் பாத்தி முதலில் முழுகும், எது கடைசியில் என்று வரிசையாகத் தெரிந்தது. ஃபெஞ்சலில் முழுகிய வரிசையும் அதுதான் என்று அங்கே இருந்தவர்களே சொன்னார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாவிட்டால் ஹைட்ராலிக்ஸ் பேராசிரியர் என்னை மன்னிக்க மாட்டார். பந்து வேறு, தண்ணீர் வேறு. விளையாட்டில் ஏறும் தண்ணீர் தொட்டியில் நிரம்பும் தண்ணீர் மாதிரி மட்டமாக ஏறும். அதற்கு ஓட்டம் இல்லை, வேகம் இல்லை, கடல் ஏற்ற இறக்கம் இல்லை. முகத்துவாரம் அடைபட்டிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. உண்மையான கணக்குக்கு எச்.இ.சி.-ராஸ் போன்ற மென்பொருள் வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை செய்து இலவசமாகவே கொடுக்கிறது. ஆனால் அதன் அட்டவணையை டீக்கடையில் காட்டினால் ஒருவரும் எழுந்து வந்து டிவியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். உருளும் பந்து எல்லோருக்கும் புரிகிறது. கணக்கு அதிகாரிக்கு, பந்து ஊருக்கு. இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

பிறகு என்ன ஆயிற்று? இரண்டு தரப்பும் கிழக்கு வரப்பை வெட்டவில்லை. பழைய வாய்க்காலைத் தாங்களே ஆள் வைத்துப் பாதி தூரம் தூர் வாரினார்கள். அந்த வருஷம் சீசன் தாமதமாகத்தான் ஆரம்பித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. குழாய்ப் பாலம் அப்படியே இருக்கிறது. மட்டக் கணக்கோடு மனு கொடுத்திருக்கிறார்கள், மனுவுக்கு ரசீது வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் போனார்கள்.

இதை இங்கே பேசுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்கும் வேலை எங்கள் பக்கம் நடக்கிறது. சாலை அகலமானால் அதன் கரையும் மாறும், கரை மாறினால் தண்ணீரின் வழியும் மாறும். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் சம்பாதிக்கும் தொழிலில் இருப்பவன்தான் நான். ஆனால் மாறுவதற்கு முன்னால் இருக்கும் மட்டம் எழுத்தில் இருந்தால், பின்னால் தண்ணீர் நின்றால் எதனால் நின்றது என்று பேச முடியும். இல்லாவிட்டால் "முன்னாடியும் இப்படித்தான் நின்னது" என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. அளத்தில் வேலை செய்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். வேலமரம் எங்கே இருந்தது என்று கேட்க இன்னும் சில வருஷம்தான் ஆள் இருக்கும்.

இதுவரை செய்த கோப்புகள் எல்லாவற்றையும் சிவில் துறைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறேன். பீல்டு புக்கின் நகலும் லேபில் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயன்ஸ் தம்பிகளுக்கும் வேலை உண்டு. அந்த ஒன்பது கொடிகளை எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தால் புண்ணியமாகப் போகும். யூனிட்டிக்கு மாற்றினால் முடியும் என்று நினைக்கிறேன். 2021 பிப்ரவரியில் நிலப்படத் தயாரிப்புக்கான கட்டுப்பாடுகளை மத்திய அரசு தளர்த்தியது, இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் வரைபடம் தயாரிக்க முன்போல அனுமதிக்காக அலைய வேண்டியதில்லை. ட்ரோன் பறக்கவிடுவது மட்டும் வேறு சமாச்சாரம். கடற்கரை, அதிலும் சரணாலயம் பக்கம். விதியைப் படித்து, துறைத்தலைவர் கையெழுத்தோடு முறையாக அனுமதி வாங்குங்கள். வலசை வரும் பறவைகள் இருக்கும் மாதங்களில் கழுவெளிப் பக்கம் அதைக் கொண்டு போகவே வேண்டாம்.

அடுத்து அளக்க வேண்டியது குழாய்ப் பாலத்துக்கு வடக்கே கால்வாய் வரை. தை பிறந்து பாத்தி மிதிக்க ஆரம்பித்துவிட்டால் அளத்துக்காரர்கள் நம்மை உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே மார்கழிக் கடைசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். ஸ்டாஃப் பிடிக்க நாலு பேர், புக் எழுத ஒருவர், பழைய ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத மரியாதையாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர். பெயரைச் செயலாளர் அண்ணனிடம் கொடுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். காலில் சின்னப் புண் இருந்தாலும் உப்புத் தண்ணீர் உயிரை எடுத்துவிடும், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வராதீர்கள். டீ பெரியப்பா செலவு.